அன்புக்குத் தெரியாத நஞ்சு



'குழந்தையைக் காக்கும் பெரும் பொறுப்பு பெற்றோருக்கா? அரசுக்கா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் தாயன்பைப் பற்றிப் பேசினார். அரங்கமே கண் கலங்கியது. நானும் கலங்கினேன். நீங்கள் கலங்கியது தாயை நினைத்து. நான் கலங்கியது, 'ஐயையோ, அடுத்துப் பேச வேண்டியவன் நானாச்சே!' என்று நினைத்து. (சிரிப்பு)

அம்மா, நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைக்குப் பசி என்றால் தாய் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆனால், பார்த்தாலும் தெரியாது, தொட்டாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது என்று ஒரு நஞ்சு வீட்டுக்குள் வந்தால் அந்தத் தாய் என்ன செய்வாள்? அந்த நஞ்சின் பெயர் ஈயம்.

ஈயம் என்றதும் 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!' என்று கூவிக்கொண்டு போனவர்தான் நமக்கு நினைவுக்கு வருவார். (சிரிப்பு) தமிழ் வாத்தியார் என்பதால் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நாம் இரண்டு உலோகங்களை ஒரே பெயரால் அழைக்கிறோம். பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். அது நல்ல வெள்ளீயமாக இருந்தால் பயமில்லை. நான் சொல்வது காரீயம். பேட்டரிக்குள் இருப்பது அதுதான். பழைய சாயத்தில் கலந்திருந்ததும் அதுதான்.

இந்தக் காரீயம் என்ன செய்யும்? மாறுவேடத்தில் வரும் திருடன் மாதிரி, சுண்ணாம்புச் சத்தின் வேடத்தில் உடம்புக்குள் நுழையும். உடம்பும் ஏமாந்துபோய் அதை எலும்பில் சேர்த்து வைக்கும். மூளைக்கும் போகும். வாய் வழியாகப் போகும் ஈயத்தில், பெரியவர்கள் உடம்பு ஏற்பதைப்போல் நான்கு, ஐந்து மடங்கைக் குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்கிறது. இரும்புச் சத்து குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகம். அதாவது ஏழைப் பிள்ளையைத்தான் இது தேடிப் பிடிக்கிறது. இந்த அளவுவரை ஆபத்தில்லை என்று சொல்லும்படியான எல்லையே இதற்கில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூளைக்கு ஏற்பட்ட கெடுதலைத் திருப்பவும் முடியாது. முன்னாலேயே தடுத்தால்தான் உண்டு.

'அதைப் பெற்றோர் தடுக்கட்டுமே!' என்பீர்கள். எப்படித் தடுப்பது? மூன்று ஊர்க் கதை சொல்கிறேன்.

முதல் கதை ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரம். அங்கே பிள்ளைகளுக்குக் கண்பார்வை போனது, கை கால் தளர்ந்தது. லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் துப்பறிந்து, 1904-இல் காரணத்தைச் சொன்னார். வீட்டுத் தாழ்வாரத்தின் மரக் கம்பிகளுக்கு ஈயச் சாயம் அடித்திருந்தார்கள். வெயிலில் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிள்ளை கம்பியைப் பிடித்தது, பிறகு விரலை வாயில் வைத்தது. அவ்வளவுதான்! வீடு அழகாக இருக்கட்டும் என்று சாயம் அடித்தவர் அந்தப் பிள்ளையின் அப்பாதானே? அவருக்கு அன்பு இல்லையா? பிள்ளைகளின் கைபடும் இடத்தில் அந்தச் சாயம் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது 1922-இல்.

நம் நாட்டில்? வீட்டுச் சாயத்தில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் எழுதப்பட்டு, 2017 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 1904 எங்கே, 2017 எங்கே? நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள்! எதிரணியினர் சிரிக்கிறார்கள், 'பார்த்தீர்களா, உங்கள் அரசு தூங்கியிருக்கிறது' என்று. ஐயா, யார் தூங்கினால் ஊருக்குக் கேடோ, அவர்தானே காவல்காரர்! பொறுப்பு அவருடையது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? (கைதட்டல்)

இரண்டாவது கதை நம் சென்னை. 1920-களில் அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயம் கலக்க ஆரம்பித்தார்கள். எஞ்சின் தட்டாமல் ஓட வேண்டுமாம். அந்தப் புகை உலகம் முழுக்கப் பரவியது. எந்தத் தாய் தன் முந்தானையால் ஊர்க் காற்றை வடிகட்ட முடியும்? ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் இந்தியா முழுவதும் நின்றது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. நிறுத்தியது பெற்றோரா, அரசாங்கமா? சொல்லுங்கள்!

அதோடு தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம்! 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கணக்கு. ஈயம் கூடக்கூட, கவனக் குறைவும் பதற்றமும் கூடியிருந்தன என்கிறது அந்தச் சென்னை ஆய்வு.

மூன்றாவது கதை வங்கதேசம். கிராமத்துக் கர்ப்பிணிப் பெண்கள் ரத்தத்தில் ஈயம் இருந்தது. அது எப்படி வந்தது என்று ஆராய்ந்தார்கள். கடைசியில் அகப்பட்டது மஞ்சள்! நிறம் தூக்கலாக இருக்க வேண்டுமென்று ஈயம் கலந்த மஞ்சள் சாயப்பொடியைப் போட்டு மெருகேற்றியிருந்தார்கள். 'நான் பொடியே வாங்கமாட்டேன், முழு மஞ்சள் வாங்கி நானே அரைப்பேன்' என்பார் நம் அம்மையார். அங்கே சாயம் ஏற்றியதே முழு மஞ்சளில்தான் அம்மா! பார்த்துப் பார்த்து அரைத்த தாயும் ஏமாந்தாள். 2019-இல் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் களத்தில் இறங்கியது. மொத்தச் சந்தையில் சோதனை, அபராதம், ஊரெங்கும் எச்சரிக்கை. அந்த ஆண்டு சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47-இல் ஈயம் இருந்தது. 2021-இல் ஒன்றிலும் இல்லை. இரண்டே வருஷம்! சட்டம் கண் விழித்தால் இதுதான் நடக்கும். (கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன் ஐயா. இது வாதமல்ல, என் மனசில் இருக்கிற பாரம்.

கல்லூரிக்கு வருமுன் சில காலம் பள்ளியில் பாடம் நடத்தினேன். ஒரு பையன், இன்றைக்குச் சொன்னது நாளைக்கு அவனுக்கு நினைவிருக்காது. வகுப்பிலேயே அவனைக் 'களிமண்' என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "பிள்ளையைக் கவனிக்கிறதே இல்லையா?" என்று கேட்டேன். "ராப்பகலா கஷ்டப்படறதே அவனுக்காகத்தான் சார்" என்றார். அவருக்கு என்ன தொழில் தெரியுமா? பழைய பேட்டரியை உடைத்து, வீட்டுக் கொல்லையிலேயே ஈயத்தை உருக்குவது. பையனும் கூட உட்கார்ந்து உடைப்பான்.

அவன் ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. ஈயம்தான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே முனைவர் பட்டம் வாங்கப்போகிற எனக்குத் தெரியவில்லை. அந்த அப்பாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவரிடம் அன்பு குறையவில்லை நடுவர் அவர்களே. பழைய பேட்டரியைப் பதிவு பெற்ற இடத்தில்தான் உருக்க வேண்டும் என்ற விதியே 2001-இல்தான் வந்தது. அது ஏட்டில் இருந்தால் போதாது. அந்தக் கொல்லைவரை போக வேண்டும். அவருக்கு வேறு பிழைப்பும் காட்ட வேண்டும்.

அதற்காகத் தாய்மார்கள் சும்மா இருக்கலாம் என்று சொல்லவில்லை. சாப்பிடும் முன் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால் கொடுங்கள். வயிறு காலியாக இருந்தால் ஈயம் அதிகம் ஏறும். பழைய சாயத்தை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். கண்ணைப் பறிக்கிற மஞ்சளை நம்பாதீர்கள். பேட்டரி வேலை பார்ப்பவர் உடை மாற்றிக் குளித்த பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

தாய் ஒரு வீட்டின் கதவைத்தான் சாத்த முடியும். காற்றையும் கடைத்தெருவையும் காக்கச் சட்டத்தால்தான் முடியும். ஆகவே பெரும் பொறுப்பு அரசுக்கே என்று சொல்லி, என்றோ என் வகுப்பில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)