நித்தியம் என்னும் ஒரு சொல்

1853 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தமது பதவியை இழந்தார். பிரெடரிக் டெனிசன் மோரிஸ் என்பது அவர் பெயர். கடவுள் இல்லையென்று அவர் கூறியதில்லை. கிறிஸ்துநாதர் உயிர்த்தெழுந்தமையை ஐயுற்றதுமில்லை. நரகம் வெறுங் கற்பனை என்றுகூட அவர் எழுதினாரல்லர். ‘நித்திய ஆக்கினை’ என்னுந் தொடரிலே வரும் ‘நித்திய’ என்ற சொல்லுக்கு ‘முடிவில்லாத காலம்’ என்று பொருள் கொள்ளுதல் பொருந்தாது என, அவ்வாண்டில் வெளியிட்ட ‘இறையியற் கட்டுரைகள்’ என்னும் நூலின் இறுதிக் கட்டுரையில் எழுதினார். அவ்வளவே.

கல்லூரியின் முதல்வராய் இருந்த கலாநிதி ஜெல்ப், மோரிசோடு நெடுநாட் கடிதப் போக்குவரத்து நடத்திப் பார்த்தார், உடன்பாடு உண்டாகவில்லை. கல்லூரிச் சபை கூடிற்று. பிற்காலத்திலே பிரதம மந்திரியாக விளங்கிய கிளாட்ஸ்டன் அச்சபையில் ஓர் உறுப்பினர். தகுதி வாய்ந்த இறையியலாளர் சிலரிடம் நூலை ஒப்படைத்து, அவர்தங் கருத்தை அறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும் என்று அவர் ஒரு திருத்தங் கொணர்ந்தார். அது தோல்வியுற்றது. மோரிசின் கருத்துக்கள் ஆபத்தான போக்குடையன, இறையியல் மாணவரின் மனத்தை நிலைகுலைக்க வல்லன என்று சபை தீர்மானித்தது. இறையியற் பேராசிரியர் பதவியோடு, அவர் வகித்த இலக்கிய, வரலாற்றுப் பேராசிரியர் பதவியும் பறிபோயிற்று. நரகாக்கினை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கும் ஆங்கில இலக்கியங் கற்பிப்பதற்கும் உள்ள தொடர்பு யாதென்பது அச்சபைக்கே வெளிச்சம்.

மோரிஸ் இவ்வினாவை ஏட்டிலிருந்து கற்றவரல்லர், வீட்டிலிருந்தே கற்றார். அவர் தந்தையார் யூனிற்றேரியன் போதகர். திரித்துவத்தை ஏற்காத கூட்டம் அது. தமக்கைமார் ஒருவர் பின் ஒருவராகத் தந்தையின் சமய நெறியைத் துறந்தனர். ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டே, சமயம் பற்றி ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. தாயார் கல்வினுடைய கொள்கையைத் தழுவினார். மீட்படைய வேண்டியோரைக் கடவுள் ஆதியிலேயே தெரிந்துவிட்டார் என்பது அக்கொள்கை. அதனை முழுமையாக நம்பிய அந்த அம்மையார், தெரிந்துகொள்ளப்பட்டோருள் தாம் ஒருவர் அல்லர் என்றும் நம்பினார். அக்கினிக் கடலைச் சொல்லுக்குச் சொல் அப்படியே ஏற்றுக்கொண்டு, அது தமக்கே உரியது என்று எண்ணி வாழ்வது எத்தகைய வாழ்வு என்பதை மோரிஸ் தம் தாயின் முகத்திலே கண்டிருந்தார். அவருடைய கட்டுரையின் பின்னால் இந்த அனுபவம் நிற்கின்றது என்று கொள்வதிலே தவறில்லை.

இனி, அவருடைய வாதத்தைப் பார்க்கலாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இவ்விடத்தே வருஞ் சொல் ‘அயோனியோஸ்’ என்பது. ‘அயோன்’ என்றால் யுகம், ஊழி. அதனின்று பிறந்த பெயரடை இது. யோவான் சுவிசேஷத்தின் பதினேழாம் அதிகாரத்திலே நித்திய ஜீவன் என்பதற்கு ஒரு விளக்கங் கூறப்படுகின்றது. கடவுளை அறிதலே நித்திய ஜீவன் என்பது அதன் சாரம். ஆண்டுக் கணக்கு அங்கே இல்லை. கடவுள் நித்தியர் என்று கூறும்பொழுது, அவர் மிக நீண்டகாலம் இருக்கின்றார் என்பதன்று கருத்து. காலம் என்னும் அளவுகோலே அவருக்கு ஏலாது என்பதே கருத்து. அங்ஙனமாயின் நித்திய மரணம் என்பதும் கடவுளை அறியாது, அவர் அன்பினின்று விலகி நிற்கும் நிலையேயன்றி, கடிகாரம் ஓயாது அடிக்கும் ஒரு சிறைச்சாலையன்று. அந்நிலை மனிதனுக்கு இம்மையிலேயே தொடங்கிவிடலாம். இதுவே மோரிசின் வாதம்.

இதற்கு எதிர்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தின் ஈற்றிலே, நீதிமான்களுக்குரிய ஜீவனுக்கும் மற்றையோருக்குரிய ஆக்கினைக்கும் ஒரே பெயரடைதான் வழங்கப்பட்டுள்ளது. ஒன்று முடிவில்லாதது என்றால் மற்றதும் முடிவில்லாததே. ஒன்றிலே காலக் கணக்கை நீக்கினால் மற்றதிலும் நீக்க வேண்டும். அர்ச் அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே இதனை வற்புறுத்தியவர். மோரிசோ இரண்டிலும் நீக்க ஒருப்பட்டார். ஆதலால் தர்க்க முறையில் அவர் வழுவவில்லை. எல்லாரும் ஈற்றில் மீட்படைவர் என்று உறுதி கூறவும் அவர் மறுத்துவிட்டார். மனிதன் தனக்கு விதிக்கப்படாத எல்லையைத் தாண்டித் தீர்ப்புக் கூறலாகாது என்பது அவர் நிலை. பகைவருக்கும் நண்பருக்கும் ஒருங்கே அலுப்பூட்டிய நிலை அது.

சொற்களின் சிக்கல் இத்தொடரோடு அமைவதன்று. நரகம் என்று தமிழில் வழங்குவதற்கு மூலத்தில் நிற்பது ‘கெகென்னா’. அஃது ஓர் இடப்பெயர். எருசலேம் நகருக்குத் தெற்கே இன்றும் காணப்படும் இன்னோம் பள்ளத்தாக்கே அது. ஆகாஸ், மனாசே முதலிய யூத அரசர் காலத்தில் பிள்ளைகளைத் தீயிலே பலியிட்ட கொடுமை அங்கு நிகழ்ந்தது. எரேமியா தீர்க்கதரிசி அவ்விடத்தைச் சபித்தார். நகரின் குப்பை அங்கே இடையறாது எரிந்துகொண்டிருந்தது என்று பிரசங்கிகள் கூறுவதுண்டு. அக்கதைக்கு யேசுநாதர் காலத்துச் சான்று கிடையாது. மத்திய காலத்து யூத உரையாசிரியர் ஒருவரின் நூலிலிருந்தே அது பரவிற்று. சாகாத புழுவும் அவியாத நெருப்பும் ஏசாயாவின் நூலிறுதியிலிருந்து வந்தவை. அங்கே அவை பற்றுவது களத்தில் விழுந்த பிணங்களை. உடலை நீங்கிய ஆத்துமாக்களை அல்ல.

‘ஆத்துமா’ என்னும் மொழிபெயர்ப்போ இன்னும் சுவையுடையது. எபிரேய மொழியில் ‘நெபேஷ்’ என்பது தொண்டை, மூச்சு, உயிருள்ள பிராணி ஆகிய பொருள்களைத் தரும். ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்திலே கடலில் நீந்தும் உயிர்களுக்கும், இரண்டாம் அதிகாரத்திலே முதல் மனிதனுக்கும் மூலத்தில் ஒரே தொடரே வழங்கப்பட்டுள்ளது. பரவலாக வாசிக்கப்பட்டு வரும் பழைய தமிழ் வேதாகமத்திலோ மீனுக்கு ‘ஜீவஜந்து’ என்றும், மனிதனுக்கு ‘ஜீவாத்துமா’ என்றும் வந்துவிட்டன. ஆங்கில மொழிபெயர்ப்பாளரும் இதனையே செய்தனர். தமிழிலே இதன் விளைவு பெரிது. ‘ஆன்மா’ என்றதும் தமிழ்ச் செவிக்குச் சைவ சித்தாந்தத்தின் பசு நினைவுக்கு வருகின்றது: அநாதியானது, படைக்கப்படாதது, பல பிறவி எடுப்பது. கிறிஸ்தவ சமயங் கூறுவதோ படைக்கப்பட்ட மனிதனை. ஒரே சொல்லை வழங்கிக்கொண்டு இரு சாராரும் வெவ்வேறு பொருளை எண்ணுகின்றனர்.

எழுத்தின்படியே கொண்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆதித் திருச்சபையாரும் அறியாதவரல்லர். ஐசுவரியவானும் லாசருவும் என்ற உவமையிலே, பாதாளத்திற் கிடக்கும் செல்வன் தன் நாவைக் குளிர்விக்க ஒரு துளி நீர் கேட்கின்றான். நாக்கு உளதாயின் ஆத்துமாவுக்கு உருவும் உண்டு என்று தெர்த்துல்லியன் வாதித்தார். ஆத்துமாவே ஒருவகைச் சடப்பொருள்தான் என்பது அவர் முடிபு. அகுஸ்தீனோ உடல்கள் உயிர்த்தெழும்போது, வாழ்நாளில் வெட்டியெறிந்த நகமும் மயிரும் திரும்பி வருமா என்று கேட்டு விடையுங் கூறினார். அவையெல்லாம் பழைய இடத்திலேயே வந்து ஒட்ட வேண்டியதில்லை. குயவன் பாண்டத்தை உடைத்து, அதே மண்ணால் மீண்டும் வனைவதைப் போன்றது அது என்றார். விடை சாமர்த்தியமானதே. ஆயினும் அவ்வினாவைக் கேட்கும்படி நேர்ந்ததே எழுத்தின்படி கொள்வதன் இடரைக் காட்டும். பவுல் அப்போஸ்தலர் இவ்வாறான கேள்வியைக் கொரிந்தியருக்கு எழுதியபோது அவ்வளவாக மதிக்கவில்லை. விதைத்த தானியம் ஒன்று, முளைத்தெழும் பயிர் வேறொன்று என்ற உவமையோடு அவர் நின்றுவிட்டார்.

மோரிஸ் தம் பக்கத்திற்குக் காட்டிய சட்டச் சான்று ஒன்றுண்டு. இங்கிலாந்துத் திருச்சபை 1553 இல் நாற்பத்திரண்டு விதிகளை வகுத்தது. இறந்தோர் ஆத்துமா தீர்ப்பு நாள்வரை உறங்குகின்றது என்போரையும், ஈற்றில் யாவரும் மீட்படைவர் என்போரையும் அவை கண்டித்தன. பத்தாண்டுகளின் பின் விதிகள் திருத்தப்பட்டபோது அக்கண்டனங்கள் விடப்பட்டன. விட்டதன் காரணம் எதுவாயினும், விடப்பட்ட ஒன்றைக் கொண்டு ஒருவரைத் தண்டித்தல் முறையன்று. கல்லூரிச் சபை செவிசாய்க்கவில்லை. ஆனால் பதினோர் ஆண்டுகளுள் நாட்டின் உச்ச நீதிபீடம் ஏறத்தாழ அதனையே கூறிற்று. 1860 இல் வெளிவந்த ‘கட்டுரைகளும் மதிப்புரைகளும்’ என்ற நூலில், ஹென்றி பிரிஸ்டோ வில்சன் என்ற குருவானவர், தீயோருக்கும் ஒருநாள் புகலிடங் கிட்டும் என்ற நம்பிக்கையை வெளியிட்டிருந்தார். 1862 இல் திருச்சபை நீதிமன்று அவரை ஓராண்டு பதவியினின்று இடைநிறுத்தியது. அவர் பிரிவுக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்தார். 1864 பெப்ரவரியில் வெஸ்ற்பரிப் பிரபு தீர்ப்பை வாசித்தார்: அத்தகைய நம்பிக்கையைத் திருச்சபை விதிகள் தடுக்கவில்லை. வெஸ்ற்பரிப் பிரபு நரகத்தைச் செலவுத் தொகையுடன் தள்ளுபடி செய்துவிட்டார் என்று அக்காலத்தவர் நகையாடினர். எல்லாரும் நகைக்கவில்லை. சுமார் 11,000 குருமார் நித்திய ஆக்கினையில் தமக்குள்ள நம்பிக்கையை உறுதிப்படுத்தி ஒரு பிரகடனத்திற் கையொப்பமிட்டனர்.

இருபதாம் நூற்றாண்டிலே விவாதம் நரகத்தினின்று ஆத்துமாவின் பக்கந் திரும்பியது. 1955 இல் ஒஸ்கார் குல்மன் என்னும் அறிஞர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஆத்துமா இயல்பாகவே அழியாதது என்பது கிரேக்கருடைய கொள்கை. வேதாகமம் கூறுவது மரித்தோர் உயிர்த்தெழுதல். இவை இரண்டும் ஒன்றல்ல என்பது அவர் துணிபு. இரு மரணங்களை அவர் அருகருகே வைத்துக் காட்டினார். சோக்கிரதர் நஞ்சை அமைதியாக அருந்துகின்றார். மரணம் அவருக்கு விடுதலை. யேசுநாதரோ கெத்செமனேத் தோட்டத்தில் கலங்கி நடுங்குகின்றார். மரணம் அவருக்குப் பகைவன். ஆத்துமா தானாகவே தப்பிவிடும் பொருளாயின் அந்நடுக்கத்துக்கு இடமேது? இதனைக் கேட்டு வெகுண்டோர் பலர். பக்தியுள்ள கிறிஸ்தவரே அவருக்குக் கண்டனக் கடிதம் எழுதினர். வேதாகமத்தையே எழுத்தின்படி காத்து நிற்பதாக எண்ணியோர், தாம் காத்தது பிளேட்டோவை என்று கேட்க விரும்புவரோ? ஆயினும் குல்மனது பாகுபாடு சற்று மிகையானதே. யேசுநாதருக்கு முன்னரே யூதரிடையிலும் அழியாத ஆத்துமா பற்றிய எண்ணம் பரவியிருந்தது; சாலமோனின் ஞானம் என்னும் நூலே அதற்குச் சான்று.

உரோமன் கத்தோலிக்கத் திருச்சபை ஆத்துமாவின் அழியாமையை விட்டுவிடவில்லை. எனினும் இடம், காலம் என்ற கணக்கை அதுவும் தளர்த்தியது. 1999 ஜூலையில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், மோட்சம் முகில்களுக்கு மேலுள்ள ஓர் இடமன்று, கடவுளோடு கொள்ளும் உயிருறவு என்றும், நரகம் கடவுளினின்று தானே விலகிக்கொள்ளும் நிலை என்றும் போதித்தார். மோரிஸ் உயிரோடிருந்து கேட்டிருப்பின் வியந்திருப்பார்.

எழுத்தின்படியான மறுமைப் படம் மண்ணிலே என்ன செய்தது என்பதை அயர்லாந்தின் மேற்குக் கரையோரங் காட்டும். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைக்கு மோட்சம் இல்லை, ‘லிம்போ’ என்னும் விளிம்புலகமே உண்டு என்று மத்தியகால இறையியலாளர் வகுத்தனர். அது விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறுதியிடப்படவில்லை. ஆயினும் மறுமையிலே வேறிடம் என்றால் இம்மையிலும் வேறிடமே என்றாயிற்று. அக்குழந்தைகள் மந்திரித்த சேமக்காலையிற் புதைக்கப்படவில்லை. கைவிடப்பட்ட கோயிற் புறத்திலும், வயலோரத்திலும், கடலோரத்திலும் இருந்த ‘கில்லீன்’ என்னும் நிலங்களிற் புதைக்கப்பட்டன. பெயர் பொறித்த கல் இல்லை. தலைமாட்டில் ஒரு காட்டுக்கல் மாத்திரம். இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

2007 இல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு, இக்குழந்தைகள் மீட்படைவர் என்று நம்புவதற்குத் தக்க நியாயங்கள் உண்டு என ஓர் அறிக்கை வெளியிட்டது. உறுதியான அறிவு என்று அது கூறவில்லை. நம்பிக்கை என்றே கூறியது. அயர்லாந்தின் ஊர்கள் பலவற்றில் அதற்கு முன்னும் பின்னும், குருமார் அந்நிலங்களுக்குச் சென்று ஆசீர்வதித்தனர். நினைவுக் கற்கள் நாட்டப்பட்டன.