தேவையில்லாத கையெழுத்து



2005 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி ஃபோர்ட் வொர்த்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் இரண்டு ஆவணங்களில் கையெழுத்துப் போட்டார். ஒன்று, 18 வயதுக்குக் குறைந்த பெண் கருக்கலைப்புச் செய்ய பெற்றோர் சம்மதம் வேணும் என்கிற சட்டம். மற்றது, தன்பாலினத் திருமணத்தைத் தடை செய்யும் அரசியலமைப்புத் திருத்தம்.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தத் திருத்தத்துக்கு ஆளுநர் கையெழுத்தே தேவையில்லை. சட்டமன்றம் நிறைவேற்றினா, நேரா மக்கள் வாக்கெடுப்புதான். அப்போ கையெழுத்து எதுக்கு? அரசு யார் பக்கம்னு காட்டத்தான்.

அவர் எங்கே வேணும்னாலும் ஜெபம் செய்யட்டும். அது அவர் உரிமை. ஆனா சட்டம், அந்த வாசல்படி மிதிக்காதவங்களையும் கட்டுப்படுத்துது. இடத்தை மாத்தினா மட்டும் அந்தச் சட்டம் நியாயமாகிடாது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாம் எதிர்க்கணும், மேடை நம்ம வீட்டு மதத்தோடதா இருந்தாலும்.