பெயர் இல்லாத மணப்பெண்



பழைய தீம் பார்க் சவாரிகளில் புதுக் கதையைச் சேர்ப்பது ரசனையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? கெடுக்கிறது என்பது என் கட்சி. எனக்கு முன்னாலே பேசிய அம்மையார், "கதையே இல்லாத ஒன்றை எப்படிங்க ரசிக்கிறது?" என்று கேட்டாங்க. அம்மா, திருவிழாவுக்குப் போறோம். ஒரு பக்கம் வளையல் கடை, ஒரு பக்கம் பொய்க்கால் குதிரை, ஒரு பக்கம் மரணக் கிணறு. இதிலே கதாநாயகன் யாருன்னு என்னைக்காவது கேட்டோமா? (சிரிப்பு)

அமெரிக்காவிலே, கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்டில், 1967 மார்ச்சில் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' என்ற படகுச் சவாரியைத் திறந்தாங்க. அதற்கு மூன்று மாதம் முன்னாலேதான் வால்ட் டிஸ்னி காலமானார். படகிலே உட்கார்ந்தா இருட்டுக் குகை, எலும்புக்கூடு; கப்பல் ஒண்ணு கோட்டையைச் சுடுது; ஊர்த்தலைவரைக் கிணத்துல முக்கி எடுக்கிறாங்க; ஊரே பத்தி எரியுது. வசனம் எழுதியவர் எக்ஸ் அட்டென்சியோ. எல்லா பொம்மையும் ஒரே நேரத்துல பேசுதே, வர்றவங்களுக்கு ஒண்ணும் விளங்காதேன்னு கவலைப்பட்டாராம். அதற்கு வால்ட் டிஸ்னி தந்த பதிலை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விருந்துக்குப் போனா அங்கொரு பேச்சு, இங்கொரு பேச்சு காதில் விழுமே, அப்படித்தான் இது. விட்டுப்போனதைக் கேட்க மறுபடி வருவாங்க. நம்ம கல்யாண வீட்டுக்குப் போனவங்களுக்கு இது புரியும்!

2003இல் அந்தச் சவாரியிலிருந்து ஒரு சினிமா பிறந்தது. 2006இல் அந்தச் சினிமாவின் ஜாக் ஸ்பாரோவைக் கொண்டுவந்து சவாரிக்குள்ளே வச்சாங்க. பிள்ளை தாய்க்குப் பேர் வச்ச கதை! (கைதட்டல்) அதுவரைக்கும் கிணத்தடியிலே 'புதையல் எங்கே'ன்னு கேட்ட கொள்ளைக்காரன், அன்றிலிருந்து 'ஜாக் ஸ்பாரோ எங்கே'ன்னு கேட்கிறான். படகிலே இருக்கிற குழந்தையும் அவரையே தேடுது. மத்த பொம்மையை யார் பார்க்கிறா?

இன்னொண்ணு. பொம்மை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். ஒரு படகு வசனத்தின் தொடக்கத்திலே வரும், அடுத்தது பாதியிலே வரும். அந்த இடத்திலே போய்த் தொடர்கதை சொன்னா?

"டிஸ்னிலாண்ட் ஒருபோதும் முடிவடையாதுன்னு வால்ட் டிஸ்னியே சொன்னாரே" என்றார் எதிரணித் தம்பி. சொன்னார், மறுக்கலை. மாடி கட்டுங்க தம்பி. கூடத்து நடுவிலே சுவர் எழுப்பாதீங்க. அந்தச் சவாரியிலே பெண்களை ஏலம் போடுகிற காட்சி ஒண்ணு இருந்தது. 2018இல் மாற்றினாங்க. என் கட்சிக்காரர்களே சிலர் அதையும் எதிர்ப்பாங்க. நான் எதிர்க்க மாட்டேன். அதைக் குழந்தைக்கு என்னன்னு விளக்குறது?

எனக்கு வலிக்கிறது பேய் மாளிகையிலே. அதே டிஸ்னிலாண்டில் 1969இல் திறந்தது. பரண் அறையிலே ஒரு மணப்பெண் நிற்பாள். இதயம் மட்டும் படபடன்னு அடிக்கும். யார், என்ன ஆச்சு, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பார்த்தவங்க ஆளுக்கொரு கதை கட்டினாங்க. 2006இல் அவளுக்குக் கான்ஸ்டன்ஸ்னு பேர் வச்சு, ஐந்து கணவன்மாரைக் கொடுத்து, கையிலே கோடரியையும் கொடுத்துட்டாங்க! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் ஒன்று சொல்லணும். அகப்பாட்டின் தலைவன், தலைவிக்குப் பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வகுத்தது. பெயர் வச்சா அது ஒருத்தியின் கதை. வைக்காவிட்டா, படிக்கிற ஒவ்வொருத்தியும் தன்னையே அங்கே நிறுத்திப் பார்க்கலாம். அந்த மணப்பெண்ணுக்குப் பெயர் வச்ச அன்றைக்கு, அவளைப் பற்றிப் பாட்டி பேத்திக்குச் சொல்லிவந்த கதையெல்லாம் பொய்யாப் போச்சு. அந்தப் பாட்டியின் கோபத்தைத்தான் எதிரணி 'புலம்பல்' என்கிறது. 2025 தொடக்கத்தில் டிஸ்னிலாண்டில் அந்தக் கோடரிக்காரியை எடுத்துவிட்டு, துயரத்தோடு நிற்கிற வேறொரு மணப்பெண்ணை வச்சாங்க. புலம்பினவங்களுக்கு ஓரளவு ஆறுதல்!

மணி அடிச்சிட்டீங்க, முடிக்கிறேன். அந்தப் படகுச் சவாரியிலே ஒரு சிறைச்சாலை. சாவியை வாயிலே கவ்விக்கிட்டு வெளியே ஒரு நாய் உட்கார்ந்திருக்கு. உள்ளே இருக்கிறவங்க எலும்பைக் காட்டிக் காட்டிக் கூப்பிடுறாங்க. 1967இலிருந்து கூப்பிடுறாங்க, அது வரலை. ஏன் வரலைன்னு இன்னும் யாரும் கதை எழுதலை. எழுதவும் விட்டுடாதீங்க, நடுவர் அவர்களே. (கைதட்டல்)