நாட்பணியும் நூற்பணியும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



வயிற்றுப் பிழைப்புக்காக நாள் முழுதும் உழைப்பவன் ஒரு பெருநூல் எழுத இயலுமா? இதுவே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கிறிஸ்தவ இறையியல் நூல் எழுதிய இருவரை இதற்குச் சான்றாகக் காட்ட விழைகின்றேன். நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உளர். எனினும் இச்சான்று யாவர்க்கும் பொது. கடவுளைப் பற்றி நூல் எழுதுவோர் கவலையற்றவர், ஓய்வு மிக்கவர் என்றே நாம் எண்ணிவிடுகின்றோம். வரலாறு வேறு கூறுகின்றது.

முதலில் சீகன்பால்கு ஐயரைக் காண்போம். ஜெர்மன் நாட்டிற் பிறந்து, 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர் அவர். இரண்டே ஆண்டுகளில் தம் நாளைப் பங்கிட்டுக்கொண்ட முறையை ஊருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்துள்ளார். காலையில் வழிபாடும் மறைப்போதனையும். பின்னர் நண்பகல் வரை ஒரு புலவரையும் எழுத்தரையும் அருகில் வைத்துக்கொண்டு தமிழ் நூல்களைக் கற்றல். பிற்பகலில் மீண்டும் போதனை, மீண்டும் படிப்பு. இரவு விளக்கொளியில் கண்கள் இடந்தராமையால், பிறர் படிக்கத் தாம் கேட்டிருப்பார். 1708-இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-இல் முடித்தார். இடையே நான்கு திங்கள் சிறைவாசமும் நேர்ந்தது. அங்கும் அவர் சமய நூல்களே எழுதினார். அவருடைய தமிழ் இறையியல் நூல் 1717-இல் தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. 1719-இல் மறைந்தபோது அவருக்கு வயது 36. நாளைப் பங்கிட்டவர்க்குக் குறுகிய வாழ்வும் போதியதாயிற்று.

அடுத்தவர் நம் நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-இல் வைணவக் குடும்பத்திற் பிறந்து, கம்பனைக் கற்றுத் தேர்ந்து, 1858-இல் கிறிஸ்தவரானவர். இவரும் சம்பளத்திற்கு உழைத்தவரே. சாயர்புரம், பாளையங்கோட்டை முதலிய இடங்களில் தமிழாசிரியர். நம்மைப் போலவே மலைக்கு இப்பால் வந்து, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியிலும் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். இத்தகையவர் 3,700-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட இரட்சணிய யாத்திரிகத்தை எவ்வாறு இயற்றினார்?

‘நற்போதகம்’ என்னும் திங்களிதழில் அக்காப்பியம் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது; 1894-இல் நூலாயிற்று. கணக்கிட்டுப் பாருங்கள்: நாளொன்றுக்கு ஒரு பாட்டுக்கும் குறைவு! ஒரு பாட்டு எவர்க்கும் மலைப்பூட்டாது. பதின்மூன்று ஆண்டு இடைவிடாமையே அரிது. அதன்பின்னும் அவர் ஓய்ந்தாரல்லர். 1898-இல், எழுபதைக் கடந்த வயதில், ‘இரட்சணிய சமய நிர்ணயம்’ என்னும் சமய ஆராய்ச்சி நூலை உரைநடையில் வெளியிட்டார். 1900-இல் இயற்கை எய்தினார்.

அக்காப்பியத்துக்கு மூலமான நூலை ஆங்கிலத்தில் எழுதிய ஜான் பனியனும் பாத்திரங்களைப் பழுதுபார்த்து வாழ்ந்த தொழிலாளியே. பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தபோதும், நாடா செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார், எழுதவும் செய்தார்.

நிற்க. நம் நிலை என்ன? மூணாற்றிலும் பீர்மேட்டிலும் பெரட்டுக்கு ஓடும் விடியல், பொழுதெல்லாம் கொழுந்து, மாலையில் லயத்தில் அடுப்பும் தண்ணீரும். சித்தூர்ப் பக்கம் வயலும் ஆலையும். இதனிடையே எழுதுவது எப்போது என்பீர்கள். நாள் முழுதும் வேண்டா. குறித்த ஒரு சிறு நேரம் போதும். அந்நேரம் நாள்தோறும் தவறாதிருத்தல் வேண்டும்.

இன்னொன்றும் கூறுவேன். ஆடவன் எழுதும் நேரம் பெரும்பாலும் பெண்ணின் உழைப்பால் வாங்கப்படுகின்றது. அவளும் காலை முதல் தோட்டத்தில் நின்றவளே. அவள் உறக்கத்தைத் தின்று வளரும் நூல் அறநூலாகாது, இறைநூலாதல் எங்ஙனம்? தண்ணீர்க் குடத்தை ஒருவர் சுமந்தால் மற்றவர் எழுதட்டும். மறுநாள் முறை மாறட்டும். நம் தாய்மார்களிடமும் எழுதத்தக்க ஞானம் உண்டு.

கிருஷ்ண பிள்ளைக்கு ஒரு திங்களிதழ் காத்திருந்தது; சீகன்பால்குக்குப் பக்கத்தில் ஒரு புலவர் இருந்தார். எதிர்பார்ப்போர் இன்றி எழுதுவோன் விரைவில் சோர்வான். ஆதலால் நம் சங்கம் திங்கள்தோறும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துதல் வேண்டும். தேவாலயத்துப் போதகர் குறிப்பும், கோயிற் பூசாரியார் விளக்கமும், பள்ளிவாசற் பெரியவர் உரையும் அதில் இடம்பெறட்டும். அவர்தம் சிந்தனை இன்று பேச்சாக மட்டுமே உலவுகின்றது. பேசியவர் மறைந்தால் அதுவும் மறையும். வெளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயின்று வளரும் நம் பிள்ளைகள் அவற்றையும் நன்கு கற்கட்டும். ஆனால், தம் முன்னோர் எதை நம்பினர், ஏன் நம்பினர் என்பதைத் தமிழிற் படிக்க அவர்க்கு ஏடுகள் வேண்டாவா?

பெருநூல் ஒன்றை இன்றே தொடங்குக என்று யான் கேட்கவில்லை. இன்றிரவு ஒரு பக்கம் எழுதுங்கள். நாளை அதை ஒருவர்க்குப் படித்துக் காட்டுங்கள். மீதியைக் காலம் கவனித்துக்கொள்ளும்.