லிட்டரா, கிலோவா?



கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸை யாரும் வாளிக் கணக்கில் விற்பதில்லை. எடை போட்டுத்தான் விற்கிறார்கள். விமானத்துக்கு எரிபொருள் கணக்கிடுவதும் அப்படித்தான்.

விமானங்களுக்கான ஜெட் ஏ-1, மண்ணெண்ணெய் ரகத்தைச் சேர்ந்தது. ஒரு கிலோவில் குறைந்தது 42.8 மெகாஜூல் சக்தி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால், ஒரு லிட்டரின் எடை ஒரே மாதிரி இருப்பதில்லை. 15 டிகிரி செல்சியஸில் அது 775 முதல் 840 கிராம் வரை இருக்கலாம். சூடேறினால் எண்ணெய் விரியும். லிட்டரின் எடை குறையும். ஆகவே, நம் மலைக் குளிரில் அளந்த லிட்டரில், சிப்பாங் வெயிலில் அளந்ததைவிடச் சற்றுக் கூடுதலான சக்தி இருக்கும்.

இந்தக் கணக்குத் தவறினால் என்ன ஆகும்? 1983 ஜூலை 23-ஆம் தேதி, ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யாததால், லிட்டரை அளந்து எடையாக மாற்றினார்கள். கிலோவுக்கு ஏறத்தாழ 0.8 ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் 1.77 ஆல் பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண்! தேவையில் பாதிகூட இல்லாமல் விமானம் பறந்தது. நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றுபோயின. கிளைடர் ஓட்டிப் பழகிய கேப்டன் பாப் பியர்சன், கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் அதை இறக்கினார். 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

எடை மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஹைட்ரஜனில் கிலோவுக்கு 120 மெகாஜூல் சக்தி உண்டு. ஆனால் திரவ ஹைட்ரஜன் ஒரு லிட்டர் 71 கிராம்தான். அதே சக்திக்கு நான்கு மடங்கு பெரிய தொட்டி வேண்டும். சாலட் கீரை ஏற்றிய லோரியைப் பாருங்கள்; எடை ஏறுவதற்குள் இடம் நிறைந்துவிடும்.

இது விமானிகளுக்கு மட்டுமான பாடமல்ல. தோட்டத்தில் பூச்சிமருந்து கலப்பவர்களே, தூள் மருந்தின் லேபிளில் 100 கிராம் என்றிருந்தால், 100 மில்லிலிட்டர் மூடியால் அளக்காதீர்கள். ஒவ்வொரு தூளுக்கும் எடை வேறு. தராசில் நிறுத்துப் போடுங்கள். மருந்து கூடினால், தெளிப்பவருக்கும் கேடு, உண்பவருக்கும் கேடு.

மாணவர்களே, விடைத்தாளில் எண்ணை எழுதியதும் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். ஆசிரியர் அதற்குப் புள்ளி குறைத்தால், வருத்தப்படாதீர்கள்.