மாறும் முகவரியும் மின்னஞ்சல் அனுமதியும்

கொச்சி அரச குடும்பத்தின் இருப்பிடமாக விளங்கிய திருப்பூணித்துறையில் 'அஞ்சல்' பழைய சொல். கொச்சி அரசு தனியே நடத்திய தபால் துறைக்கு அதுவே பெயர். 1892-இல் அத்துறை சொந்தத் தபால்தலைகளை வெளியிட்டது. 1951-இல் இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. பெட்டியில் கடிதம் போடுபவர் யாரென எவரும் வினவுவதில்லை. தபால்தலைக்கு ஆகும் செலவே போதிய காவலாக இருந்தது.

மின்னஞ்சலுக்கு அந்தக் காவல் இல்லை. 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்த எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் நெறிமுறை, அனுப்புபவர் இன்னாரென மெய்ப்பிக்கும்படி கேட்கவில்லை. எவர் கொடுத்தாலும் வாங்கி, எங்கும் அனுப்புவதே அன்றைய அஞ்சல் கணிப்பொறிகளின் வழக்கம். 1990-களில் விளம்பரக் குப்பை அனுப்புவோர் இதனைப் பயன்படுத்திக் கொண்டனர். குப்பை புறப்பட்ட கணிப்பொறிகள் தடைப் பட்டியலில் ஏறின. அவற்றை நம்பியிருந்த நேர்மையான சந்தாதாரர்களின் கடிதங்களும் திரும்பி வந்தன.

எனவே, சொந்தப் பிணையத்தின் ஐ.பி. முகவரிகளிலிருந்து வருபவர்க்கு மட்டுமே அனுமதி என்ற விதி பிறந்தது. நிலையான முகவரியுள்ள அலுவலகத்திற்கு இது போதும். ஆனால் 1995 ஆகஸ்டு 15-இல் விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு அளித்த இணையம், தொலைபேசி வழியானது. அத்தகைய இணைப்பில் அழைக்கும்போது ஒரு முகவரி கிடைக்கும். அழைப்பு முடிந்ததும் அது பிறருக்குப் போகும். உலகில் அத்தகைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே. ஆளுக்கொன்று நிரந்தரமாக ஒதுக்க இயலாது.

திருப்பூணித்துறை வீட்டிலிருந்து காலையிலும் மட்டாஞ்சேரிக் கடையிலிருந்து மாலையிலும் எழுதும் ஓர் அலுவலரை எவ்வாறு அறிவது? இணைப்பு நிறுவனத்தின் முகவரிகள் அனைத்தையும் அனுமதித்தால் அந்நியர் நுழைவர். மறுத்தால் சொந்த ஊழியரே வெளியே நிற்பார்.

முதலில் ஒரு தந்திரம் கையாளப்பட்டது. அஞ்சலை எடுத்துப் படிக்க முன்பே கடவுச்சொல் தேவைப்பட்டது. படித்தவரின் முகவரியைக் குறித்து வைத்து, அடுத்த அரைமணி போன்ற சிறிது நேரத்திற்கு அதிலிருந்து அனுப்ப இசைவு தரப்பட்டது. பயனாளர் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதால் இது விரைவாகப் பரவியது. தற்காலிக ஏற்பாடு என்ற அளவில் கெட்டிக்காரத்தனமானதே. ஆயினும் அவர் இணைப்பைத் துண்டித்ததும் எஞ்சிய நிமிடங்களின் உரிமை, அம்முகவரியை அடுத்துப் பெற்றவரைச் சேர்ந்தது! ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்தால், ஒருவரின் கடவுச்சொல் எல்லோருக்கும் கதவைத் திறந்தது.

முறையான தீர்வு ஆளையே சோதிப்பது. சந்தாதாரர் அஞ்சலை ஒப்படைக்க 587 என்ற தனி வாயில் 1998 டிசம்பரில் வகுக்கப்பட்டது. அனுப்பும்போதே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் விதி 1999 மார்ச்சில் வெளியாயிற்று. முகவரி எத்தனை முறை மாறினாலும் இனிக் கவலையில்லை. அக்கடவுச்சொல் வழியில் களவு போகாதிருக்க, இணைப்பையே மறையாக்கம் செய்தல் வேண்டும்.

பிரிவு முழுவதும் ஒரே கணக்கைப் பயன்படுத்தி, கடவுச்சொல்லை மேசைக் கண்ணாடியின் கீழ் செருகி வைக்கும் அலுவலகங்களில் இவை எதுவும் உதவா. ஊழியருக்குத் தனிக் கணக்கும், கணக்குக்கு நாளொன்றுக்கு இத்தனை கடிதம் என்ற வரம்பும் இருந்தால், திருட்டு நேர்ந்த கணக்கை மட்டும் முடக்கலாம். கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டுமென 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஆணையிட்டது. கைப்பேசிப் பிணையங்களில் பலர் ஒரே முகவரியைப் பகிர்வதால், அப்பதிவில் முகவரியுடன் கணக்கின் பெயரும் துல்லியமான நேரமும் இடம்பெற வேண்டும்.