மணல்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடி

இன்னைக்கு நாம போறது கலிபோர்னியாவுல, பசிபிக் கரையில இருக்கிற குவாடலூப்-நிப்போமோ மணல்மேடுகளுக்கு. 2000-ல இதுல ஒரு பகுதியை தேசிய வனவிலங்குப் புகலிடமா ஆக்கினாங்க. சினிமா ரசிகர்களுக்கும் தெரிஞ்ச இடம்தான். 1923-ல வந்த 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' மௌனப் படத்தோட எகிப்து செட் இந்த மணலுக்குள்ளதான் புதைஞ்சு கிடந்தது.

ஆனா நாம தேட வேண்டியது ரொம்பச் சின்னது. ஸ்னோயி ப்ளோவர். நம்மூர் உப்புக்கொத்திக்குச் சொந்தம்; சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெருசு. 1993-லேர்ந்து அமெரிக்க அரசோட பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. இது கூடுன்னு ஒண்ணும் கட்டாது. திறந்த மணல்ல லேசா ஒரு குழி, அதுல பெரும்பாலும் மூணு முட்டை. முட்டையும் மணல் நிறம்தான். காக்கா கண்ணுல படாம இருக்க அது நல்ல உபாயம். ஆனா நம்ம காலுக்குக் கீழ அதுவே ஆபத்து. மிதிக்கணும்னுகூட இல்லை. கிட்ட போனாலே அடைகாக்கிற பறவை எழுந்து ஓடிடும், முட்டை வெயில்லயும் காத்துலயும் தனியா கிடக்கும்.

மார்ச்லேர்ந்து செப்டம்பர் வரை முட்டையிடுற காலம். அப்போ போனீங்கன்னா, கயிறு கட்டின பக்கம் போகாதீங்க. அலையோரமா, ஈர மணல்ல நடங்க. நாய் வீட்டுலயே இருக்கட்டும். பறவையைப் பார்க்க பைனாகுலர் போதும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!